மரத்தை அரிக்கும் உயிர்களும் அவற்றை இனங்காணும் வகையும்

தென்னந்தோப்புகளில் அடிக்கடி காணக்கூடிய காட்சி ஒன்றுண்டு. நன்றாய்க் காய்த்துக்கொண்டிருந்த மரத்தின் அடிமட்டைகள் திடீரென வாடித் தொங்குகின்றன. தோப்புக்காரர் அருகிற் சென்று பார்க்கிறார். தூரிலிருந்து இடுப்பளவு உயரம் வரையில் சேறு பூசியதுபோற் செல் ஏறியிருக்கிறது. மரத்தைச் செல் தின்றுவிட்டதென்று தீர்மானித்து, மருந்து வாங்கி வந்து, மண்ணைச் சுரண்டி எறிந்துவிட்டு ஊற்றுகிறார். செல் மறைகிறது, மரமோ பிழைப்பதில்லை. பின்னர்ப் பக்கத்து மரமும், அதற்கப்பாலுள்ள மரமும் அவ்வாறே வாடத் தலைப்படுகின்றன. மருந்துக்குச் செலவான பணம் வீண் என்பது ஒரு நஷ்டம். உண்மையான பகைவன் மண்ணுக்குள்ளே வேர்வழியாய் மரத்துக்கு மரம் பரவ இடங்கொடுத்தது அதனினும் பெரிய நஷ்டம்.

மரத்தைத் தின்னும் உயிர்கள் பலவகைப்படும். அவற்றுள் உயிருள்ள பாகத்தைத் தின்று மரத்தைக் கொல்வன சில. முன்னமே செத்துப்போன பாகத்தை மட்டும் தின்பன சில. வெட்டிய மரத்தையும் கட்டின வீட்டையும் நாடுவன வேறு சில. இவற்றுள் எது முதலில் வந்தது, எது பின்னர் வந்து சேர்ந்தது என்பதை அறியாமற் செய்யும் பரிகாரம் எதுவும் பயன்படாது. கண்ணுக்கு முதலில் தென்படுவது பெரும்பாலும் கடைசியாய் வந்ததாகவே இருக்கும் என்பதை விவசாயிகள் மனத்திற்கொள்ள வேண்டும்.

இதனை விளங்கிக்கொள்வதற்கு மரத்தின் அமைப்பைச் சிறிது அறிதல் அவசியம். மா, புளி, வேம்பு போன்ற மரங்களைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால், பட்டைக்குள்ளே வெளுத்த நிறமான வளையமும், நடுவே கறுத்த நிறமான பாகமும் காணப்படும். வெளிப்பாகத்தைத் தச்சர்கள் வெள்ளை என்றும், நடுப்பாகத்தை வைரம் என்றும் வழங்குவர். நீரை வேரிலிருந்து மேலேற்றுவதும், மாவுச்சத்தைச் சேமித்து வைப்பதும் வெள்ளையின் வேலை. வைரம் உயிரற்றது, மரத்தைத் தாங்கி நிற்பதே அதன் தொழில். பல மரங்களின் வைரத்தில் பூச்சிகளுக்கும் பூசணங்களுக்கும் ஒவ்வாத துவர்ப்பும் பிசினும் ஊறியிருக்கின்றன. மரம் பருப்பதற்குக் காரணமான மெல்லிய உயிர்த்தோல் ஒன்று பட்டைக்கும் வெள்ளைக்கும் நடுவே மரத்தைச் சுற்றிப் போர்த்தியிருக்கிறது. இத்தோல் முழுவட்டமாய் அறுபட்டால் மரம் சாகும். நடு வைரம் முழுதும் பொந்தாய்ப் போனாலும் மரம் துளிர்த்துக்கொண்டிருக்கும்.

தென்னை, பனை முதலியவற்றின் அமைப்பு இதற்கு நேர்மாறானது. அவற்றின் வைரம் புறத்தேயும் மென்மை அகத்தேயும் உள்ளன. புறத்தே வைரமுடையவற்றைப் புல்லென்றும், அகத்தே வைரமுடையவற்றை மரமென்றும் தொல்காப்பியம் பகுத்திருப்பது இக்காலத்துத் தாவர நூலாரும் ஒப்பத்தக்கது. இது வெறும் இலக்கண விஷயமன்று. தென்னைக்கு மேற்கூறிய உயிர்த்தோல் இல்லாமையால், அதன் உடலிற் பட்ட காயம் ஒருகாலும் மூடிக்கொள்வதில்லை. காய்பறிப்பவர் வசதிக்காக அடிமரத்தில் வெட்டிய படி, அம்மரம் உள்ளளவும் திறந்த வாசலாகவே இருக்கும்.

இனிச் செல்லின் விஷயம். கறையான், சிதல் எனவும் இதற்குப் பெயர். வெள்ளெறும்பு என்று சிலர் கூறினாலும் இது எறும்பினத்தைச் சேர்ந்ததன்று. கரப்பானினத்துக்கு நெருங்கிய உறவுடையது. மரத்திலுள்ள நார்ப்பொருளைச் செரிப்பது எந்த மிருகத்துக்கும் எளிதன்று. சிலவகைச் செல்லின் குடலில் நுண்ணுயிர்கள் குடியிருந்து அவ்வேலையைச் செய்கின்றன. 1920-களில் கிளீவ்லாண்டு என்ற அமெரிக்க விஞ்ஞானி அந்நுண்ணுயிர்களை மட்டும் அகற்றிவிட்டபோது, செல் வயிறு நிறைய மரத்தைத் தின்றும் பட்டினியால் மடிந்தது. நம் வயல்களிலும் வரப்புகளிலும் புற்றெழுப்பும் செல்லின் ஏற்பாடு வேறு. அது மென்று கொணர்ந்த மரத்தூளைப் புற்றினுள்ளே தேனடை போன்ற அடைகளாக்கி, அவற்றின்மேல் ஒருவகைப் பூசணத்தைப் பயிர் செய்கிறது. அப்பூசணம் மரத்தூளைப் பதப்படுத்தித் தர, செல் அதனை உண்கிறது. மழைக்குப் பின் புற்றின்மேல் முளைத்து நம் சமையற்கட்டுக்கு வரும் புற்றுக்காளான் இப்பயிரின் விளைவே. மனிதன் உழத் தொடங்குவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சிறு ஜந்து விவசாயம் செய்துவந்திருக்கிறது.

வளர்ந்த, திடமுள்ள மரத்தை இச்செல் கொல்வது அரிது. பட்டையின் மேலுள்ள செத்த பொருக்கையே அது மண்கூரையின் மறைவில் அரித்துத் தின்னும். மண்ணைச் சுரண்டிப் பார்த்தால், கீழே பச்சைப்பட்டை பழுதின்றியிருப்பதைப் பெரும்பாலும் காணலாம். செத்துவிட்ட வேரையும், அழுகிய தூரையும், உலர்ந்த கிளையையும் அது ஆவலோடு நாடும். ஆதலால் ஒரு மரத்தில் திடீரெனச் செல் மிகுந்தால், மரத்தில் எப்பாகம் செத்திருக்கிறதென்று தேடுவதே விவேகம்.

இதற்கு விலக்கு இளங்கன்றுகள். புதிதாய் நட்ட மாவொட்டு, தென்னம்பிள்ளை, தைலமரக் கன்று ஆகியவற்றின் வேரையும் தூரையும் செல் அரித்து மாய்த்துவிடுவது பிரத்தியட்சம். மக்காத எருவையும் தழையையும் குழியிலிட்டு நடுவோர் செல்லுக்கு விருந்து வைத்து அழைப்பவராவர். நன்கு மக்கிய எருவோடு வேப்பம்பிண்ணாக்கைக் கலந்திட்டு, கன்று வேர்பிடிக்கும் வரையில் மண் காயாமல் நீர்விட்டு வருவது நன்று.

தோப்பில் வாடின தென்னைக்குத் திரும்புவோம். அதன் அடிமரத்தில், தரைக்குச் சற்று மேலே, பட்டை வெடிப்புகளிலிருந்து செங்கபில நிறமான சாறு கசிந்து உறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேரைத் தோண்டிப் பார்த்தால் நிறம் மாறி அழுகியிருக்கும். நோய் முற்றியபின், தூரில் அரைவட்டத் தட்டுப்போன்ற காளான் பளபளப்பான செந்நிற மேற்புறத்தோடும் வெளுத்த அடிப்புறத்தோடும் வெளிப்படும். இதுவே கானோடெர்மா என்னும் பூசணம். 1952-ஆம் ஆண்டுப் புயலுக்குப்பின் தஞ்சை மாவட்டத்துத் தோப்புகளிற் கண்டறியப்பட்டமையால், இந்நோய் தஞ்சாவூர் வாடல் நோய் எனப் பெயர்பெற்றது. காளான் வெளிப்படும் வரையிற் காத்திருப்பது பெருந்தவறு. அது வெளிப்படுமுன்பே வேரும் தூரும் பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன.

முற்றின மரத்தைக் காப்பாற்ற முடியாதென்பதை ஒப்புக்கொண்டு, அதனைத் தூரோடும் வேரோடும் பெயர்த்தெடுத்து எரித்துவிட வேண்டும். மரத்தை வெட்டிக் கட்டையை மண்ணிலேயே விட்டுவிடுவது சாதாரண வழக்கம். வாதாடத் தேவையில்லாத அளவுக்குத் தீங்கான வழக்கம் அது. பூசணம் அக்கட்டையை ஆண்டுக்கணக்காய்த் தின்றுகொண்டு, அண்டை மரங்களின் வேர் தன்னைத் தொடும் நாளை எதிர்பார்த்திருக்கும். நோய் தொடங்கிய மரத்தைச் சுற்றி நான்கடி தள்ளி, 2 அடி ஆழமும் 1 அடி அகலமுமுள்ள பள்ளம் வெட்டினால் வேர்த்தொடர்பு அறும். வேப்பம்பிண்ணாக்கு மரமொன்றுக்கு ஆண்டுக்கு 5 கிலோ வீதம் பிரித்திட்டு வர வேண்டும். 100 லிட்டர் நீருக்கு மயில்துத்தம் 1 கிலோவும் சுட்ட சுண்ணாம்பு 1 கிலோவும் சேர்ந்த போர்டோக் கலவையில் 40 லிட்டர், தூரைச் சுற்றி 2 மீட்டர் வட்டத்தில் மண் நனைய ஊற்றுவது வழக்கத்திலுள்ள முறை. டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூசணத்தை எருவிற் கலந்திடுவதும் உண்டு. ஆனால் இவ்விரண்டையும் ஒரே சமயத்திற் செய்தலாகாது. துத்தம் பகைப் பூசணம் நட்புப் பூசணம் என்று பேதம் பாராது. தோப்பில் வாழையை ஊடுபயிராக்குவதும், ஒரு மரத்தடியிலிருந்து மறு மரத்தடிக்கு நீர் பாயாதபடி தனித்தனியே பாத்தி கட்டுவதும் நோயின் வேகத்தைத் தணிக்கும்.

தென்னைக்கு மேலிருந்து வரும் பகைவரும் உண்டு. காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைக்கும். பின்னர் மலரும் மட்டைகள் கத்தரியால் முக்கோணமாய் வெட்டினதுபோற் காணப்படுவது அதன் அடையாளம். இதன் வாழ்க்கை கவனிக்கத்தக்கது. வண்டாய் இருக்கும்போது உயிருள்ள மரத்தைத் துளைக்கும் இப்பூச்சி, புழுவாய் இருக்கும்போது எருக்குழியிலும், விழுந்து அழுகிய தென்னங்கட்டையிலுமே வளர்கிறது. புழு உயிருள்ள மரத்தை ஒருபோதும் தீண்டாது. எனவே மரத்தின் தலையில் வண்டைத் தேடுவதோடு நில்லாமல், காலடியிற் கிடக்கும் அழுகற்கட்டையை அகற்றுவதே வேரறுக்கும் பரிகாரம். ஒருவர் தோப்பிற் கிடக்கும் கட்டை அயலார் தோப்புக்கெல்லாம் வண்டு விளைவிப்பதால், இது ஊர்க்காரியமாய்க் கருதிச் செய்யத்தக்கது. மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூசணத்தை எருக்குழியில் இட்டால் புழுக்கள் நோயுற்று மடியும். பொடித்த வேப்பங்கொட்டைப் பருப்பு ஒரு பங்கும் மணல் இரண்டு பங்கும் கலந்து குருத்தைச் சுற்றியுள்ள மட்டையிடுக்குகளில் இடுவதும் பயன்தரும்.

இவ்வண்டு செய்த காயத்தின் வழியே அதனிற் கொடிய சிவப்புக் கூன்வண்டு நுழைகிறது. அதன் புழுக்கள் தென்னையின் மெல்லிய உட்பாகத்தைக் குடைந்து தின்ன, புறவைரம் மட்டும் குழலாய் நிற்கும். துளையில் மென்ற நாரும் கபிலநிறச் சாறும் வெளிப்படுதல் அறிகுறி. அமைதியான வேளையில் மரத்திற் காதை வைத்தால், உள்ளே கொறிக்கும் ஓசையைக் கேட்கலாம். பச்சைமட்டையை அடியொட்ட வெட்டினால் அவ்வெட்டுவாயில் வண்டு முட்டையிடும். ஆதலின் நான்கடி நீளம் மட்டையை விட்டே வெட்ட வேண்டும். அடிமரத்திற் படிவெட்டுவதையும் இக்காரணத்தாலேயே கைவிட வேண்டும்.

மாமரத்தைத் துளைக்கும் தண்டுப்புழு வேறு வகை. ஏறக்குறைய 2 அங்குல நீளமும், உடலைக் கடந்த மீசையுமுள்ள சாம்பல்நிற வண்டு, பட்டையின் வெடிப்பில் முட்டையிடுகிறது. புழு பட்டைக்கடியிலுள்ள உயிர்த்தோலையும் வெள்ளையையும் குடைந்து செல்லும். ஒரே ஒரு புழு பெரிய கிளையொன்றைக் காயவைக்கக்கூடும். துளையின் வாயில் புதிய தூள் வெளிப்பட்டால் புழு உள்ளேயிருக்கிறதென்க. நுனி வளைந்த கம்பியால் அதனைக் குத்தி இழுத்துவிட்டுத் துளையைக் களிமண்ணால் அடைக்க வேண்டும். பட்டு நூலும் எச்சமும் கலந்த நாடாப்போன்ற மூடுபாதை பட்டையின்மேற் காணப்பட்டால், அது பட்டை தின்னும் புழுவின் வேலை. சவுக்கு, கொய்யா, முருங்கை, மா எல்லாவற்றிலும் இதனைக் காணலாம். நாடாவைத் துடைத்தெறிந்து துளையிலுள்ள புழுவைக் கம்பியாற் கொல்வது எளிது.

கிராம அலுவலர்களின் கவனத்துக்குரியது சாலையோரப் புளியமரங்களின் பொந்து. முறிந்த கிளையின் வாயிலாகப் பூசணம் புகுந்து நடுவைரத்தைத் தின்பதே பொந்துக்குக் காரணம். பொந்தைக் கல்லும் சிமெண்டும் கொண்டு அடைப்பது முன்னாளில் நன்மையென்று கருதப்பட்டது. அமெரிக்க வனத்துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஷைகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக அறுத்து ஆராய்ந்து, மரம் தன் புண்ணை ஆற்றிக்கொள்வதில்லை என்றும், அதனைச் சுற்றிச் சுவரெழுப்பி அழுகலைச் சிறையிடுகிறது என்றும் 1970-களில் விளக்கினார். அடைக்கும்பொருட்டுப் பொந்தைச் சுரண்டி ஆழப்படுத்துவது அச்சுவரை நம் கையாலேயே இடிப்பதாகும். கிளை கழிக்கும்போதும், தண்டோடு ஒட்டச் சீவாமலும், நெடுங்கொம்பாய் விடாமலும், கிளையடியிலுள்ள பருத்த வளையத்தை ஒட்டி வெளியே அறுப்பதே முறை.

பொந்துள்ள மரமெல்லாம் விழும் மரமன்று. குழாயைப்போல நெடுங்காலம் நிற்கலாம். பொந்துக்கு வெளியே எஞ்சிய உறுதியான சுவர், அடிமரத்தின் அரைவிட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்தால் அபாயம் மிகும் என்பது ஒரு கைக்கணக்கு. மரச்சுத்தியால் சுற்றிலும் தட்டினால் ஓசை பேதத்தால் சுவரின் கனத்தை ஒருவாறு அறியலாம். தூரிலும் வேரிலும் தட்டுக்காளான் முளைத்திருந்தால் எச்சரிக்கை அதிகம் வேண்டும். வேர் அழுகிய மரம் பச்சைத்தழையோடேயே சாயும். பள்ளிக்கூடத்தையோ பேருந்து நிற்குமிடத்தையோ அடுத்த இத்தகைய மரத்தைப்பற்றிப் பருவமழைக்கு முன்னரே மேலதிகாரிகளுக்கு எழுதி உத்தரவு பெறுதல் வேண்டும். புயல் வீசின பின் எழுதும் அறிக்கை யாரையும் காவாது.

வெட்டின மரத்துக்கு வருவோம். ஈரமும் மாவுச்சத்துமே அதன் பகைவரை அழைப்பன. உலர்ந்த மரத்தின் எடை நூறானால், அதிலுள்ள நீர் இருபதுக்குக் கீழிருக்குமட்டும் அதில் அழுகற்பூசணம் வளர்வதில்லை. பூசணம் வைத்த மரம் கபிலநிறமாய்ச் சதுரஞ்சதுரமாய் வெடித்து, விரலால் நசுக்கினாற் பொடியாவதும் உண்டு. வெளுத்துப் பஞ்சுபோல் நார்நாராவதும் உண்டு. முதல்வகைப் பூசணம் நார்ப்பொருளைத் தின்று, அதனைப் பிணைக்கும் லிக்னினை விடுகிறது. இரண்டாம் வகை லிக்னினையும் தின்கிறது. எவ்வாறாயினும் பரிகாரம் ஒன்றே: ஈரத்தை நிறுத்துவது. நம் முன்னோர் வீட்டுத் தூண்களை மண்ணில் நடாமல் கருங்கல் அடியின்மேல் நிறுத்தியது அழகுக்காக மட்டுமன்று. உத்தரத்தின் நடுப்பாகம் நூறாண்டு நின்றும், சுவருக்குள் புதைந்த முனைகள் முதலில் அழுகுவதைப் பழைய வீடுகளைப் பிரித்தவர் அறிவர். ஓடு மாற்றும்போதெல்லாம் அம்முனைகளைக் கத்தியாற் குத்திப் பார்த்துவிடுவது நலம்.

வீட்டு மரத்தினின்று தூள் உதிர்ந்தால் அதனை விரலில் எடுத்துப் பார்க்க வேண்டும். மாப்போல் நுண்ணியதாயும், மரத்திற் குண்டூசித்தலையளவு துளைகளும் இருந்தால் அது பொடிவண்டு அல்லது உளு. கசகசாவைப்போல் மணிமணியாய்ச் சிறு பட்டைகளோடு உதிர்ந்தால், மண்தொடர்பின்றி மரத்துக்குள்ளேயே வாழும் உலர்மரச்செல் என்க. இதற்கு மண்கூரையும் புற்றும் இரா. தூளின்றி மண்வழித்தடம் சுவரில் ஏறினால் அது தரைச்செல். அத்தடத்தை அடிக்கடி கலைத்து, அது வரும் வெடிப்பைக் கண்டுபிடித்து அடைப்பதே முதல் வேலை.

பொடிவண்டுக்கு மாவுச்சத்தே உணவு. ஆகவே அது வெள்ளையை மட்டும் தின்னும், வைரத்தை நாடாது. இளந்தேக்கை அறுத்து வாங்குவோர் இதனைக் கவனிக்க வேண்டும். தேக்கென்ற பெயருக்காக உயர்ந்த விலை கொடுத்தாலும், அதன் வெள்ளைக்கு வைரத்தின் காவல் சிறிதும் இல்லை. மூங்கில் முழுதும் மாவுச்சத்துள்ளதாதலின் மிக விரைவில் உளுக்கும். வெட்டிய மூங்கிலைக் குளத்து நீரிலோ ஓடையிலோ சில வாரங்கள் அமிழ்த்தி வைப்பது, அச்சத்தைக் கரைத்துப் போக்கும் பழைய முறை, நல்ல முறையும்கூட. தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்ற நம்பிக்கையை யாம் எதிர்த்து வழக்காடப்போவதில்லை. ஆனால் தேய்பிறையை நம்பி நீரில் ஊறவைப்பதை விட்டுவிடுபவர் வண்டுக்கு உதவுபவரே.

மருந்து வேண்டுமெனில், வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த நீரில், நூறு பங்குக்கு 5 பங்கு வீதம் கரைத்து, மூங்கிலையும் பலகையையும் ஊறவைக்கலாம். இது மழையில் கரைந்து போகுமாதலால் கூரைக்குள்ளிருக்கும் மரத்துக்கே ஏற்றது. வெளியில் நிற்கும் கம்பங்களுக்கென, செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் சேர்த்து மரத்தில் ஊன்றிப்போகும் மருந்தை 1933-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொண்டி காமேசம் என்னும் இந்தியர் கண்டுபிடித்தார். உலகமெங்கும் அது பரவியது. ஆயினும் ஆர்சனிக்கின் நஞ்சைக் கருதிப் பல நாடுகளில் வீட்டுமரத்துக்கு அதன் உபயோகம் குறைக்கப்பட்டிருக்கிறது. அம்மருந்திட்ட மரத்துண்டுகளை அடுப்பெரிக்கக் கூடாது. புகையும் சாம்பலும் விஷம்.

பழைய துண்டுப்பிரசுரங்களிற் செல்லுக்கென்று கூறப்பட்ட பி.எச்.சி. தூள், ஆல்டிரின் ஆகியவை இந்தியாவில் 1990-களிலேயே தடைசெய்யப்பட்டவை. டி.டி.டி. விவசாய உபயோகத்தினின்று 1989-இல் விலக்கப்பட்டது. பரணில் இன்னும் அத்தகைய டப்பா கிடந்தால், அதனைத் தோப்பிலும் வீட்டிலும் உபயோகிப்பதோ, கிணற்றருகே புதைப்பதோ கூடாது. செல்லுக்கு இப்போது அநுமதியுள்ள மருந்து எது, அளவென்ன என்பதை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டறிந்த பின்னரே வாங்க வேண்டும். கேட்கப் போகும்போது, உதிர்ந்த தூளையும், துளையுள்ள மரத்துண்டையும், அகப்பட்டால் புழுவையும் ஒரு கண்ணாடிச் சீசாவில் இட்டு உடன்கொண்டு செல்க. தென்னையாயின், அடிமரத்திற் சாறு கசிந்த இடம் தரையிலிருந்து எத்தனை அடி உயரம், எத்தனை மரங்களில் அவ்வாறிருக்கிறது, பக்கத்தில் முன்னர் வெட்டிய மரத்தின் கட்டை உண்டா என்பவற்றையும் குறித்துக்கொண்டு போவது நலம்.